தெருவை வாசலிலிருந்து வரையுங்கள்

சென்னையில் ஒரு குடியிருப்புத் தெருவைத் தோண்டிப் புதிதாகப் போடும்போது அதன் நடைபாதையைத் தீர்மானிப்பது யார்? பெரும்பாலான தெருக்களில் யாரும் தீர்மானிப்பதில்லை. முதலில் மழைநீர் வடிகாலுக்கு டெண்டர் விடுகிறார்கள். தெருவோரத்தில் கான்கிரீட் பெட்டி இறங்குகிறது. அதன் மேல்மூடி எந்த உயரத்தில், எவ்வளவு அகலத்தில் வந்து நிற்கிறதோ அதுவே நடைபாதை என்றாகிவிடுகிறது. இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம், பத்தடிக்கு ஒரு வெட்டு, நடுவில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ். அதில் யாரும் நடப்பதில்லை. நடுத்தெருவில் நடக்கிறார்கள். "பாதை போட்டும் நடக்கமாட்டேன் என்கிறார்கள்" என்ற பழியும் கடைசியில் நடப்பவர்கள் தலையிலேயே விழுகிறது.

மாநகராட்சிப் பராமரிப்பில் பேருந்து தடச் சாலைகள் ஏறக்குறைய 390 கிலோமீட்டர். உட்புறச் சாலைகள் 5,000 கிலோமீட்டருக்கும் மேல். நடைபாதை என்றதும் நாம் பேசுவது 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தைப் பற்றித்தான். அது நல்ல வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளையும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும், மாலையில் மருந்துக் கடைக்குப் போகும் பெரியவரும் தினமும் கடப்பது அந்த 5,000 கிலோமீட்டரைத்தான். நாட்டில் சாலை விபத்துகளில் இறப்போரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர்.

கொள்கைக்குப் பஞ்சமில்லை. 2014-லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் செலவிட வேண்டும் என்றது அது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில்தான் அந்த உத்தரவு வந்தது. ஆக, உரிமை இருக்கிறது, கொள்கையும் இருக்கிறது. தெருவுக்கான வரைபடத்தில்தான் இரண்டும் இறங்கவில்லை.

முப்பது அடித் தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னையின் பழைய மனைப்பிரிவுகளில் சாதாரணமாகக் காணும் அகலம் அது, மீட்டரில் 9.1. சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி குடியிருப்புப் பகுதியில் நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கத் தேவையான அளவு அது. இரண்டு பக்கத்துக்குமாக 3.6 மீட்டர் போனால் நடுவில் 5.5 மீட்டர் மிச்சம். மெதுவாக வரும் இரண்டு கார்கள் ஒன்றையொன்று கடக்க அது போதும். ஆக, "இடமே இல்லை" என்று பொறியாளர்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஒரே குரலில் சொல்வது கணக்குக்கு ஒத்துவரவில்லை. இடம் இருக்கிறது. அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன.

இதைச் சுற்றிவளைக்காமல் பேசியாக வேண்டும். நிறுத்திய கார் ஒன்று இரண்டு மீட்டர் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. இரு பக்கமும் கார்கள் நின்றால், நடப்பவர்களுக்குரிய 3.6 மீட்டர் அப்படியே போய்விடுகிறது. கார் வைத்திருப்பவர் எதிரியல்ல. அவர் வீட்டுப் பாட்டியும் இதே தெருவில்தான் நடக்கிறார். ஆனால் பொது நிலத்தை வாடகையில்லாமல் ஒருவர் காருக்குக் கொடுத்துவிட்டு, நடக்க இடமில்லை என்று பாட்டியிடம் சொல்வது நியாயமாகாது. முழுக்க விட்டுக்கொடுக்க மனம் வராத தெருக்களில் நடுவழி ஒன்று உண்டு. ஒரு பக்கம் 1.8 மீட்டரில் முனை முதல் முனை வரை அறுபடாத நடைபாதை. மறுபக்கம் இரண்டு மீட்டரில் வாகனம் நிறுத்தும் பட்டை, அதில் இரண்டு மூன்று கார்களுக்கு ஒரு மரம். இரு பக்கமும் பேருக்குப் போடும் இரண்டடித் திட்டுகளைவிட, ஒரு பக்கம் ஒழுங்காகப் போட்ட பாதையே மேல் என்பேன்.

அகலத்தைவிடவும் உயரம்தான் நம் நடைபாதைகளைக் கெடுத்தது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள பாதைக்கு 1.8 மீட்டர் சாய்தளம் போதும். வடிகால் மூடி 45 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால் 5.4 மீட்டர் வேண்டும். எந்தத் தெருமுனையில் அவ்வளவு இடம் கிடைக்கும்? அதனால் சாய்தளமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். இது போதாதென்று ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் கார் ஏறுவதற்காகப் பாதையை இறக்கி, மறுபடி ஏற்றுகிறார்கள். தெருவின் ஒரு வரிசையில் இருபது வீடுகள் என்றால் நடப்பவர் இருபது முறை இறங்கி இருபது முறை ஏற வேண்டும். முட்டி தேய்ந்த ஒருவரிடம் இதைக் கேட்பதற்கு நமக்கு எப்படி மனம் வருகிறது? கேட்டின் முன்னாலும் பாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும். காருக்கான சரிவு பாதையின் வெளி விளிம்பில், ஓரக்கல்லை ஒட்டிய குறுகிய பட்டையில் அடங்க வேண்டும். பாதை 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இது எளிது. ஏறி இறங்கும் சிரமத்தை எஞ்சின் உள்ள வண்டி சுமக்கட்டும்.

தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வீட்டுச் சாய்தளங்களை இடிக்கும்போது ஆக்கிரமிப்பு என்கிறோம். சிலது ஆக்கிரமிப்புதான். ஆனால் பலவற்றுக்குக் காரணம் சாலையே. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஒன்றிரண்டு அங்குலம் புதிய தார் போட்டுப் போட்டு, வாசலைவிடத் தெரு உயர்ந்துவிட்டது. மழைத்தண்ணீர் கூடத்துக்குள் வந்தது. வீட்டுக்காரர் வாசலை மண் கொட்டி உயர்த்தினார். உயர்த்திய வாசலுக்கு வண்டி ஏற நீளமான சரிவு தேவைப்பட்டது. அது தெருவுக்குள் வந்தது. 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். நடைபாதைக்கு அவர் செய்த பெரிய உதவி அது என்று நினைக்கிறேன். பழைய மட்டத்துக்குத் தெருவை இறக்கினால்தான் அந்தச் சரிவுகளைச் சுருக்கச் சொல்லும் தகுதி மாநகராட்சிக்கு வரும்.

சாலை முடிகிற மட்டத்தை முதலில் குறிக்காமல் வடிகாலைக் கட்டுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வடிகாலுக்கு ஒரு துறை, உட்புறச் சாலைக்கு மண்டல அலுவலகம், குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம், கம்பிக்கு மின்வாரியம். 2021 வெள்ளத்துக்குப் பிறகு வடிகால் வேலைகள் நகரம் முழுக்க வேகமெடுத்தன. வெள்ளத்துக்காக அவை தேவைதான். ஆனால் வடிகால் மூடியின் மட்டத்தை முடிவு செய்தவருக்கு அதன்மேல் ஆட்கள் நடக்கப்போகிறார்கள் என்ற கவலை இருக்கவில்லை. பெங்களூருவில் டெண்டர் ஷ்யூர் திட்டத்தில் ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை போன்றவற்றில் குழாய்களையும் கம்பிகளையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து நடைபாதைக்கு அடியில் கொண்டுபோனார்கள். செலவு அதிகம் என்ற விமர்சனம் அதற்கு உண்டு. குடியிருப்புத் தெருவுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. சாலை போடுமுன் குறுக்கே சில வெற்றுக் குழாய்களைப் புதைத்துவைத்தாலே, நாளை ஒரு கேபிளுக்காகப் புதிய தெருவை வெட்ட வேண்டியிராது.

இருபது அடித் தெருக்களின் கதை வேறு. இரு பக்கமும் பாதை போட்டால் நடுவில் இரண்டரை மீட்டர்தான் தேறும். அதில் தீயணைப்பு வண்டி நுழைவதே கடினம். அங்கே திட்டுக் கட்டும் ஆசையை விட்டுவிடலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் இறுதியில் தொடங்கி, 1976-இல் அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்ற முறை ஒன்று உண்டு. ஓரக்கல்லே இல்லாத ஒரே மட்டத் தெரு, முழு அகலமும் நடப்பவருக்கு உரியது, வண்டி நடக்கும் வேகத்தில்தான் வர வேண்டும். மயிலாப்பூரின் சந்துகளில் சட்டம் இல்லாமலே பல காலமாக நடப்பது இதுதான்: வாசலில் கோலம், நடுவில் பந்து விளையாடும் பிள்ளைகள், ஓரத்தில் இஸ்திரி வண்டி. வேகம் மட்டும் கட்டுக்குள் இல்லை. நுழைவாயிலில் மேடை போல உயர்த்திய தளமும், தாருக்குப் பதில் பேவர் பிளாக்கும், மாறி மாறி இரு பக்கமும் மரங்களும் வைத்தால் வண்டி தானாகவே மெதுவாகும். மரத்தின் கழுத்துவரை சிமென்ட் பூசும் பழக்கத்தை அப்போதாவது நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் மக்களிடம் கேட்க இடமும் இருக்கிறது: 2022-லிருந்து வார்டுகளில் அந்தந்தப் பகுதி மக்களின் பகுதி சபைகள் கூடுகின்றன. தெருவின் குறுக்குவெட்டு வரைபடத்தை டெண்டருக்கு முன்பே அங்கே மாட்டிவைக்க வேண்டும்: வாசல் மட்டம், பாதை மட்டம், சாலை மட்டம் மூன்றும் அதில் எண்ணாகத் தெரிய வேண்டும். கார் வைத்திருப்பவர்களின் குரலே அங்கும் ஓங்கும் என்பது தெரிந்ததுதான். அதனால் வேலைக்குப் போகும் பெண்களும் வயதானவர்களும் வரக்கூடிய நேரத்தில் சபையைக் கூட்டுவது உதவிப் பொறியாளரின் கடமையாகட்டும்.

ஒப்பந்தக்காரருக்கு இன்று பணம் கிடைப்பது கான்கிரீட்டின் கன அளவுக்கும் பதித்த கல்லின் சதுர அளவுக்கும். பாதை அறுபடாமல் போகிறதா என்பதற்கு அளவுப் புத்தகத்தில் பத்தியே இல்லை. இறுதி பில்லுக்கு முன் ஒரு சக்கர நாற்காலியைத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பாதை மேலேயே தள்ளிப் பார்க்க வேண்டும், அதைத் தூக்க நேர்ந்த இடங்கள் சரியாகும்வரை பணம் நிற்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்க்க, 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே போதிய ஆதாரம். அடுத்த டெண்டரிலேயே மாநகராட்சி இதைச் சேர்க்கலாம்.