முந்திரிகைத் தோலில் மறைந்து வாழும் உலகம்

வைன் அருந்துதல் நம்மிற் பெரும்பாலாரின் வழக்கமன்று. எனினும் அது உண்டாகும் விதம் மாணவர் அறியத்தக்கதொன்றாகும். முந்திரிகைப் பழங்களைப் பிழிந்து வைத்தால், யாதொன்றும் இடாமலே சாறு சில நாள்களில் நுரைத்துப் பொங்கும். இனிப்புக் குறைந்து மதுவாகும். நம் நாட்டுப் பனங்கள்ளும் இவ்வாறே பொங்குகின்றது. இம்மாற்றத்தைச் செய்வது யாது?

1878ஆம் ஆண்டிலே பிரான்சிய விஞ்ஞானி குளோட் பேர்ணாட் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் அவ்வாண்டே வெளிவந்தன. உயிருள்ள மதுவம் இன்றியே பழச்சாற்றில் அற்ககோல் உண்டாகும் என்பது அவற்றிற் கண்ட கருத்து. அவருடைய நண்பர் லூயி பாஸ்டருக்கு இஃது உடன்பாடன்று. மறைந்த நண்பருடன் வாதிடுவது எங்ஙனம்? அவர் இயற்கையையே சாட்சிக்கு அழைத்தார். ஆர்புவா என்னும் ஊரிலிருந்த தமது தோட்டத்தில், காய்கள் பழுக்குமுன்னரே சில கொடிகளைக் கண்ணாடி வீடுகளால் மூடினார். சில குலைகளைக் கிருமி நீக்கிய பஞ்சினாற் சுற்றினார். அறுவடையின்போது வெளியே பழுத்தவற்றின் சாறு பொங்கியது; மூடிக் காத்தவற்றின் சாறு பொங்கவில்லை. வெளியிலிருந்து வந்து பழத்திற் படியும் மதுவமே காரணம் என்பது தெளிவாயிற்று.

அம்மதுவமும் ஓரினமன்று. பொங்குதலைத் தொடக்கி வைப்பவை அன்செனியாஸ்போரா முதலிய இனங்கள். அற்ககோல் மிகமிக அவை ஒடுங்க, அதனைத் தாங்கவல்ல சக்கரோமைசிசு செரிவிசியே என்னும் இனம் வேலையை முடிக்கின்றது. ஆயினும் ஊறுபடாத பழங்களில் இவ்வினம் மிக அரிது. ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒரு பழத்திலேதான் உண்டென 1999இல் வெளியான ஆய்வு கூறிற்று. வெடித்த பழங்களிலோ நான்குக்கு ஒன்றில் இருந்தது. குளிர்காலத்தில் இம்மதுவம் குளவிகளின் குடலில் உயிர் பிழைத்து, அவற்றின் புழுக்களுக்கும் சென்று சேர்வதை இத்தாலிய ஆராய்ச்சியாளர் 2012இல் வெளியிட்டனர். கொட்டும் குளவியும் குடியானவனுக்குத் துணையாதல் காண்க!

1883இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹன்சன் தனியொரு கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தார். பின்னர் வைன் செய்வோரும் இம்முறையைக் கைக்கொண்டனர். அவர்களைக் குறைகூறல் ஆகாது. காட்டு மதுவத்தை நம்பினால் பொங்குதல் இடையில் நின்றுவிடலாம், சாறு காடியாகலாம், ஓராண்டு உழைப்பு ஒரு வாரத்தில் வீணாகலாம். தேர்ந்த மதுவம் அவ்வச்சத்தைப் பெரிதும் குறைக்கின்றது.

ஆனால் இதற்கு ஒரு விலையுமுண்டு. நியூசிலாந்தின் 6 பகுதிகளிலிருந்து எடுத்த செரிவிசியே மதுவங்களை ஒரே சாற்றில் தனித்தனியே இட்டுச் சோதித்தபோது, பகுதிக்கேற்ப வைனின் இரசாயனத் தன்மையும் வேறுபட்டதென 2015இல் அறிவித்தனர். ஓர் ஊரின் சுவையென நாம் கருதுவதில் மண்ணுக்கும் மழைக்கும் மட்டுமன்றி, கண்காணா உயிர்களுக்கும் பங்குண்டு. எங்கும் ஒரே மதுவத்தை இட்டால் அப்பங்கு மறையும்.

அச்சமின்மை வேண்டும், வேற்றுமையும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே காக்கும் வழியை ஆராய்தலே இத்துறையில் இளைஞர் செய்யத்தக்க பணியாகும்.