சின்ன வேலையைப் புதியவருக்கு விடுங்கள்!

கணினிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டே குறிகள்.

ஆகவே, மனிதர் எழுதும் கட்டளைகளை எந்திர மொழிக்கு மாற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலையையும் ஒரு கணினி நிரலே செய்கிறது. அதன் பெயர் 'கம்பைலர்'. தமிழில் 'தொகுப்பி' என்பார்கள்.

'ரஸ்ட்' என்பது ஒரு கணினி மொழி. அதன் முதல் முழுப் பதிப்பு 2015 மே மாதம் வெளிவந்தது. ரஸ்ட் கம்பைலரில் ஒளிவு மறைவு கிடையாது. அது எழுதப்பட்டிருக்கும் விதத்தை யாரும் படிக்கலாம். திருத்தம் எழுதியும் அனுப்பலாம். இதற்குத் 'திறந்த மூலம்' என்று பெயர்.

கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் உள்ளே போகப் பயம்! எதிரே பல லட்சம் வரிகள். எங்கே தொடங்குவது? கல்லூரியில் படித்தவரும் திகைத்து நிற்பார். கையைப் பிடித்து அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டும்.

ஆளுக்கு ஒரு பிழை

2016-ல் ரஸ்ட் குழுவினர் ஒரு நல்ல வழி கண்டார்கள்.

நிரலில் தப்பு இருந்தால், கம்பைலர் அதைச் சுட்டிக் காட்டும். பல வகைத் தப்புகளுக்குத் தனித்தனி எண் உண்டு. ஒரு செய்தி உண்டு. அந்தச் செய்திகளை எளிதில் புரியும்படி மாற்றி அமைக்க முடிவாயிற்று.

பழகியவர்களே உட்கார்ந்து அதை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஓர் எண்ணுக்கு ஒரு வேலை என்று பங்கு பிரித்தார்கள். செய்யும் முறையையும் எழுதி வைத்தார்கள். புதியவர்கள் பலர் வந்து, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொண்டார்கள். புதிய வடிவம் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது.

'இது எளிது', 'இதற்கு வழிகாட்ட ஆள் உண்டு' என்று வேலைகளுக்கு அடையாளச் சீட்டு இடும் வழக்கமும் அங்கே உண்டு.

தப்பு செய்தால்?

பயம் வேண்டாம். புதியவர் அனுப்பும் திருத்தத்தை அனுபவசாலி ஒருவர் படித்துப் பார்ப்பார். பிறகு கணினி சோதனை நடத்தும். சோதனையில் தேறினால்தான் திருத்தம் உள்ளே சேரும். தேறாவிட்டால், திருத்தி மீண்டும் அனுப்பலாம்.

ஏன் இந்தப் பாடு?

பழகியவர் பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலைக்குப் புதியவர் ஒரு வாரம் எடுப்பார். சொல்லிக் கொடுப்பவருக்கும் நேரம் போகும். இது வீண் செலவு என்று தோன்றலாம்.

நடந்ததைப் பாருங்கள். ரஸ்டை வளர்த்து வந்த நிறுவனம் மொசில்லா. 2020 ஆகஸ்டில் அது சுமார் 250 பேரை வேலையில் இருந்து நீக்கியது. ரஸ்ட் வேலை பார்த்தவர்களும் அதில் அடக்கம். ஆனால், ரஸ்ட் சாயவில்லை! அதற்குள் மொசில்லாவுக்கு வெளியே பல கைகள் பழகி இருந்தன. 2021 பிப்ரவரியில் ரஸ்டுக்கென்று தனி அறக்கட்டளையும் அமைந்தது.

புது அபாயம்

இப்போது வேறொரு சங்கடம் வந்திருக்கிறது. சின்னத் திருத்தங்களைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகிறது. வேலை முடிந்துவிடும், ஆனால் ஆள் தேற மாட்டார்!

'எல்.எல்.வி.எம்.' என்பது இன்னொரு கம்பைலர் திட்டம். 2000-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 'முதல் வேலைக்கு ஏற்றது' என்று சீட்டு இட்ட வேலைகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிக்கக் கூடாது என்று அங்கே விதி வகுத்திருக்கிறார்கள். அவை அவசர வேலைகள் அல்ல. புதியவர் கற்றுக் கொள்வதற்காக வைத்தவை என்பதே காரணம்.

நியாயமான விதி. சின்ன வேலைதான் புதியவருக்குப் பள்ளிக்கூடம். அதைக் கெட்டிக்காரரும் பறிக்கக் கூடாது. எந்திரமும் பறிக்கக் கூடாது. இன்று பழகியவர்கள் ஒருநாள் ஓய்வு பெறுவார்கள். அன்று பெரிய வேலையைத் தாங்க, இன்று சின்ன வேலை பழகிய கைகள் வேண்டும்.