எழுத்து எத்தனை?

‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? பாலர் வகுப்புப் பிள்ளையும் விரல்விட்டு எண்ணி 6 என்று சொல்லிவிடும். அதே வினாவைப் பைதன் என்னும் கணினி மொழியிடம், ‘லென்’ என்ற கட்டளையால் வினவினோம். 11 என்றது!

காரணம் இதுதான். உயிரும் மெய்யும் கூடியது ஓரெழுத்து என்பது நம் இலக்கணம். யூனிகோட் அட்டவணையோ அகரமேறிய ‘ய’வுக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் எனப் பிரித்து வைத்திருக்கிறது. அவ்வெண்களையே லென் கணக்கிடுகிறது. 10 என்ற அளவில் சொல்லைத் தறித்தால், நம் ஊர் புள்ளியை இழந்து ‘யாழ்ப்பாணம’ என நிற்கும்.

இதனைக் கண்டு, தமிழ் கணினிக்கு ஒவ்வாது என்று சலித்துக்கொள்ளும் மாணாக்கர் உளர். குறை தமிழிலன்று. பைதனுடன் கூடவே வரும் கட்டளைத் தொகுதியில் நம் எழுத்தை எண்ணும் கட்டளை நெடுங்காலம் இல்லாதிருந்ததே குறை. முத்து அண்ணாமலை முதலியோர் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் தொகுதியை ஆக்கி, எவரும் இலவசமாகப் பெற வைத்தனர். அதிலுள்ள ‘கெட் லெட்டர்ஸ்’ என்னும் கட்டளை அச்சொல்லை 6 எழுத்தாகவே பிரித்துத் தருகிறது.

மாணாக்கரே, கருவியில் ஒன்று இல்லையெனின் மொழியை நோகாதீர். இல்லாததை ஆக்கிச் சேர்ப்பதே கற்றோர் கடன்.