நின்றபடி பட்டுப்போகும் மரங்கள்

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் வெளிவந்தது. அந்த நாவலில் மரம் வெட்டுண்டு விழுவதில்லை. நஞ்சூட்டப்பட்டு, நின்ற இடத்திலேயே பட்டுப்போகிறது. அதைப் படித்து நெகிழ்ந்த நாம், நம் வீட்டு வாசலில் நிற்கும் வேம்புக்கும் பூவரசுக்கும் ஏறக்குறைய அதே காரியத்தை, எந்தப் பகையும் இல்லாமல், நல்லெண்ணத்துடனேயே செய்துவருகிறோம். வாசல் சுத்தமாக இருக்கட்டும் என்று தூரைச் சுற்றிச் சிமெண்ட் பூசுகிறோம். வெயில் தொடங்கும் முன் 'கழித்து விடுகிறோம்' என்று கிளைகளை மொட்டையடிக்கிறோம். கோடையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. வளர்ந்த மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது நம்முடைய உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறானது என்பதே இக்கட்டுரையின் கட்சி.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் பொதட்டூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தறிச் சத்தம் ஓயாத நெசவூர். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. இந்தப் பக்கத்து வீடுகளில் அந்த எல்லைக்கோட்டை விட வயதில் மூத்த மரங்கள் உண்டு. ஓட்டு வீட்டின் மேல் கவிந்து நின்று தறிக்குழியின் வெக்கையைத் தணித்தவை அவை. மின்விசிறி வராத காலத்தில் நெசவாளிக்குக் கிடைத்த சலுகை அந்த நிழல் ஒன்றுதான். தெருவில் பாவு நீட்டும் வேலையும் வெயில் ஏறும் முன் முடிய வேண்டிய வேலை. நிழலுள்ள தெருவில் அது இன்னும் ஒரு நாழிகை நீளும். ஆக, நெசவூரில் மரம் என்பது அழகுப் பொருளன்று, தொழிற்கருவி.

இந்த மாவட்டத்தை வறண்ட நாடு என்று சொன்னால் புள்ளிவிவரம் ஒத்துக்கொள்ளாது. ஆண்டு மழை சராசரியாக ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும். ஆனால் பெரும்பகுதி ஆடி முதல் கார்த்திகை முடிவதற்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தால் அடுத்த ஐந்தாறு மாதங்களுக்கு வானம் பார்த்த நிலைதான். கொசஸ்தலை ஆறும் அப்போது மணலாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பொய்த்தாலோ நிலைமை இன்னும் மோசம். 2016-ல் தமிழகத்தில் அது இயல்பை விடச் சுமார் 60 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவிக்க நேர்ந்தது. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டுகளில் மனிதரின் தாகம் செய்தியாயிற்று; மரங்களின் தாகம் செய்தியாகவில்லை.

செய்தியாகாததற்கு ஒரு காரணம் உண்டு. மரம் உடனே சாவதில்லை. நீரில்லாத கோடையில் அது முதலில் இழப்பது, மயிர் போன்ற நுண்வேர்களை. அடுத்த ஆண்டு மழை பெய்தாலும் உறிஞ்சுவதற்கு வேர் போதாது. சேமித்து வைத்த உணவைச் செலவழித்து ஓரிரு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் நுனிக்கிளைகள் காயும். பட்டைத் துளைப்பான்களும் பூசணமும் குடியேறும். மூன்றாம் ஆண்டில் மரம் பட்டுப்போகும்போது, 'நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, ஏதோ நோய்' என்கிறோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2011-ல் வந்த கடும் வறட்சியில் நகர்ப்புறங்களில் மட்டும் 56 லட்சம் மரங்கள் மடிந்ததாக அம்மாநில வனத்துறை அமைப்பு மதிப்பிட்டது. நம் ஊர்களில் அப்படி எண்ணிப் பார்ப்பாரில்லை.

ஆணிவேர் பாதாளம் வரை போய் நீர் தேடிக்கொள்ளும் என்று சொல்வார்கள். ஊர்க் கிணறுகளில் கை எட்டும் ஆழத்தில் நீர் கிடந்த காலத்தில் அது ஓரளவு மெய்யாக இருந்திருக்கலாம். ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடி இறங்கிவிட்ட காலத்தில் எந்த வேர் அங்கே போகும்? மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் ஒன்றிரண்டு அடிக்குள்ளேயே பரவியிருக்கின்றன. பக்கவாட்டில் கிளைவிரிப்பையும் தாண்டிச் செல்கின்றன. அந்த மேல்மண்ணைத்தான் நாம் பேவர் கல்லாலும் சிமெண்டாலும் மூடுகிறோம். மழைநீர் இறங்குவதில்லை, காற்றும் நுழைவதில்லை.

எனில் செய்ய வேண்டியது என்ன? தூரில் ஊற்றுவதால் பயன் குறைவு. கிளைகள் விரிந்திருக்கும் எல்லையை ஒட்டி வட்டமாகப் பாத்தி கட்டி, அங்கே நீர் விட வேண்டும். நாள்தோறும் ஒரு வாளி தெளிப்பதை விட, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை அடி ஆழம் நனையுமாறு நிதானமாக விடுவது மேல். அடிமரத்தின் குறுக்களவில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 15 லிட்டர் என்பது மரவியலார் சொல்லும் உத்தேசக் கணக்கு. 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வேம்புக்கு ஒரு முறைக்கு 450 லிட்டர். மாசி முதல் ஆனி வரை ஏழு முறை விட்டால் சுமார் 3,000 லிட்டர். பிறகு அந்தப் பாத்தியின் மேல் சருகுகளை நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பிவிட வேண்டும். பட்டையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. அந்தச் சருகைத்தான் நாம் நாள்தோறும் கூட்டிக் கொளுத்துகிறோம்.

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் மரத்துக்கு 450 லிட்டரா? இதைக் கேட்பவரை மரப்பகைவர் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. குடத்தைத் தூக்கிச் சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அவரிடம் போய் மரநேயம் போதிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. நூறு சதுர மீட்டர் கூரையின் மேல் ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். மழைநீர்ச் சேகரிப்பை 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. அந்தக் குழாய்களில் எத்தனை இன்று சாக்கடையில் போய் முடிகின்றன என்று அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் கூரைநீரை மரத்தைச் சுற்றியுள்ள மண்ணில் இறக்கிவிட்டால், மரம் தாகத்தோடு கோடைக்குள் நுழையாது. கோடையில் குளித்த நீரும் காய்கறி அலம்பிய நீரும் போதும். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் உப்புநீரும் சாயம் கலந்த நீரும் மட்டும் ஆகாது.

அடுத்தது கத்தி. வறட்சியில் கிளைகளைக் குறைத்தால் மரத்துக்குத் தண்ணீர்ச் செலவு குறையும் என்ற வாதம் கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் இலைதான் மரத்தின் அடுப்பு. அடுப்பை இடித்துவிட்டுப் பசியைத் தணிக்க முடியாது. காய்ந்த கிளைகளை அகற்றலாம்; பசுங்கிளைகளை மொட்டையடிக்கலாகாது. மரத்தின் காயம் நம் காயம் போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி மூடிக்கொள்கிறது. அமெரிக்க மரவியலாளர் அலெக்ஸ் ஷைகோ விளக்கிய உண்மை இது. ஆகவே கிளையின் அடியில் உள்ள வளையம் போன்ற வீக்கத்தை விட்டு அதன் வெளிப்பக்கமாக அறுக்க வேண்டும். பொந்துகளில் சிமெண்ட் அடைப்பதும் விளம்பரப் பலகைக்கு ஆணி அறைவதும் தீங்கே.

புயல் பயம் மற்றொன்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபின், பெரிய மரம் என்றாலே ஆபத்து என்ற எண்ணம் பரவிவிட்டது. பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் வடிகாலுக்கும் கேபிளுக்கும் ஒரு பக்க வேரை அறுத்துவிட்டு, மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டிவிட்டு, சாய்ந்ததற்கு மரத்தைக் குற்றம் சொல்வது முறையா?

மரம் நடுவதற்கு நம்மிடம் விழாக்கள் உண்டு. 2022-ல் தமிழக அரசு பசுமை இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் பசும்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்தது. வரவேற்கிறோம். ஆனால் நிற்கும் மரத்தைக் காப்பதற்கு விழாவும் இல்லை, புகைப்படமும் இல்லை. மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லிக்கு உத்தரவிட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மாநகராட்சி, பத்தாண்டுக்கு மேல் நீண்ட வறட்சிக்குப் பிறகு தன் மரங்களை ஆராய்ந்து, இருபது ஆண்டுகளில் அவற்றில் பெரும்பங்கை இழக்க நேரும் என்று 2012-ல் கணக்கிட்டு, அதற்கேற்பத் திட்டம் வகுத்தது. நம் பேரூராட்சிகள் மெல்போர்ன் ஆக வேண்டியதில்லை. தெருவுக்குப் பேவர் கல் பதிக்கும் ஒப்பந்தத்தில், ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் மூன்றடி மண்ணை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குச் செலவு கிடையாது, கல்தான் மிச்சம்.

இன்று நடும் கன்று இன்னொரு நெசவாளிக்கு நிழல் தர இருபது ஆண்டுகள் ஆகும். இப்போது நிழல் தந்துகொண்டிருப்பதை அந்த இருபது ஆண்டுகளுக்குக் காப்பாற்றாவிட்டால் நடுவில் ஒரு தலைமுறை வெயிலில் உட்கார்ந்து நெய்யும். இதழ்களில் மரத்தைப் பற்றி நாம் எழுதுவதும் படிப்பதும் நல்லதுதான். வரும் ஐப்பசிக்குள் ஒவ்வொருவரும் தத்தம் வாசலில் மரத்தடிச் சிமெண்டை ஒரு முழமாவது பெயர்த்தெடுத்தால், அந்தப் படிப்புக்குப் பொருள் உண்டு.