மகள் கேட்கும் பாட்டு

போன வருஷம் நீட் தேர்வில் கோட்டைவிட்ட என் மகள் மறுபடி படிக்கிறாள். நடுநடுவே ஒரே இங்கிலீஷ் பாட்டு. 2009-ல் டிஸ்னியின் 'ஹன்னா மான்டனா' படத்துக்காக மைலி சைரஸ் பாடிய 'தி கிளைம்ப்'. உச்சியைத் தொடுவதைவிட ஏறுவதுதான் பெரிசு என்கிற பாட்டு.

"16 வயசுப் பணக்காரப் பொண்ணுக்கு என்ன கஷ்டம் தெரியும்? எல்லாம் வியாபாரம்மா" என்கிறான் மகன். அவன் மட்டுமா? அதே வருஷம் இங்கிலாந்தில் 'எக்ஸ் ஃபேக்டர்' போட்டியில் ஜெயித்த ஜோ மெக்எல்டெரி இதையே பாடி வெளியிட்டார். டி.வி. போட்டிப் பாட்டே வருஷா வருஷம் ஜெயிக்கிறதே என்று சலித்துப்போன ஜனங்கள், 1992-ல் வந்த ஒரு ராக் பாட்டை மெனக்கெட்டு வாங்கி, கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடத்தில் உட்கார வைத்தார்களாம். அடுத்த வாரமே இந்தப் பாட்டு முதலிடம்! உச்சி முக்கியமில்லை என்கிற பாட்டுக்கு இத்தனை அடிதடி!

வியாபாரமாகவே இருக்கட்டுமே. ரிசல்ட் வந்த அன்று நான் கேட்டது "எத்தனை மார்க்?" மட்டும்தான். பரவாயில்லைடி என்று வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அதை அந்தப் பாட்டு சொல்லியிருக்கிறது. 'சத்தத்தைக் குறை' என்று இப்போதெல்லாம் நான் அதட்டுவதில்லை.

- ஒரு அம்மா, திருச்சி