புது டியூப் ஆம்ப் "உம்ம்"னு இரையுதா? எர்த் பின்னில் மட்டும் கை வைக்காதீங்க

நம்ம நெய்வேலி டவுன்ஷிப்ல கிட்டார் வாசிக்கிற பிள்ளைங்க சிலர் இப்ப டியூப் ஆம்ப் வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. தாத்தா காலத்து வால்வு ரேடியோவுக்குள்ள ஆரஞ்சு நிறத்துல மினுங்குமே, அதே கண்ணாடி வால்வுதான். வாங்கின வாரமே புகாரும் வந்துடும்: "டாக்டர், டோன் அருமை, ஆனா பின்னாடி உம்ம்னு ஒரே இரைச்சல்." அதுக்கு யாராவது ஒருத்தர் சொல்ற கைவைத்தியம்: "பிளக்ல மூணாவது பின்னை எடுத்துடு, சத்தம் நின்னுடும்."

பல நேரம் நிஜமாவே நின்னுடும். அதனாலதான் இந்த நீளமான பதிவு.

மருத்துவத்துல முதல்ல நோயாளி சொல்றதைக் கேட்போம், மாத்திரை அப்புறம்தான். இங்கேயும் முதல்ல இரைச்சலைக் காது கொடுத்துக் கேளுங்க. நம்ம அனல்மின் நிலைய டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுற்று, அதாவது செகண்டுக்கு 50. அந்த 50 ஹெர்ட்ஸ்தான் உங்க ஸ்பீக்கர்ல வந்து பாடுது. தடித்த ஆறாவது கம்பியில மூணாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்க. அது சுமார் 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதே சுதியில இருந்தா அது 100 ஹெர்ட்ஸ்: ஏசியை டிசியா மாத்துற பகுதியில, பெரும்பாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல, கோளாறு இருக்கலாம். அதுக்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்டா 50: கேபிளோ பிக்கப்போ எர்த் சுற்றோ எங்கிருந்தோ பிடிச்சிட்டு வருது.

(ஒரு கொசுறு. சோவியத் உதவியோட நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பிச்சது 1962-ல. லண்டன்ல ஜிம் மார்ஷலோட கடையில முதல் மார்ஷல் ஆம்ப் உருவானதும் அதே 1962-ல. இன்னிக்கு விக்கிற கிட்டார் ஆம்ப் வால்வுகள்ல ஏராளமானவை ரஷ்யாவின் சராத்தவ் நகரத்துல தயாராகுது. ஒரு வகையில நாமெல்லாம் உறவுக்காரங்க!)

அடுத்து, ஒவ்வொண்ணா கழிச்சுப் பாருங்க. கேபிளைக் கழட்டிட்டு ஆம்பை மட்டும் ஓட விடுங்க. இரைச்சல் போச்சுன்னா ஆம்ப் நிரபராதி. கேபிளும் கிட்டாரும் சொருகி, கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்துல வைங்க. அப்பவும் இரைஞ்சா கேபிளோ ஜாக்கோ. வால்யூம் ஏத்தினா மட்டும் இரைஞ்சா, கிட்டாரோட நின்ன இடத்துலயே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஏதோ ஒரு திசையில குறைஞ்சா, பிக்கப்தான் ஃபேன் ரெகுலேட்டரையோ டியூப்லைட் சோக்கையோ பிடிக்குது. லேப்டாப், மிக்ஸர், இன்னொரு ஆம்ப்னு சேர்த்தா மட்டும் இரைஞ்சா, அது எர்த் சுற்று. எல்லாத்தையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகுங்க. அப்பவும் தீரலைன்னா டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச டிஐ பாக்ஸ் போட்டு சிக்னல் பக்கத்து எர்த்தைப் பிரிக்கலாம். சுவர் பக்கத்து எர்த்தை ஒருபோதும் பிரிக்கக் கூடாது.

கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதுன்னு சிலர் பயப்படுறாங்க. அது வழக்கம்தான். கம்பிகள் கேபிளோட ஷீல்டு வழியா ஆம்ப் சேசிஸோட இணைஞ்சிருக்குன்னு அர்த்தம். சேசிஸ் சுவர் எர்த்தோட இணைஞ்சிருக்கணும்.

இப்ப அந்த மூணாவது பின்னை எடுத்துட்டீங்கன்னு வைங்க. உள்ளே ஒரு இன்சுலேஷன் போனா, 230 வோல்ட் நேரா உங்க கம்பிக்கு வரும். ஃபியூஸும் போகாது. கட்டில்ல உட்கார்ந்து வாசிக்கும்போது ஒண்ணும் தெரியாம இருக்கலாம். பாடறதுக்கு மைக்கைத் தொடுவீங்க, அது எர்த் ஆகியிருக்கும். ஒரு கை கம்பியில, உதடோ மறு கையோ மைக்ல. கரண்ட் மார்பு வழியா போகும்.

சுமார் 10 மில்லி ஆம்பியர்லயே தசை இறுகி, பிடிச்ச கையை விட முடியாம போகலாம். 100 மில்லி ஆம்பியர், அதாவது சோக் வெச்ச நாலடி டியூப்லைட் எடுக்கிற கரண்ட்ல கால் பங்கு, மார்பு வழியா ஒண்ணு ரெண்டு செகண்ட் போனா இதயம் ஒழுங்கா துடிக்காம வெறுமனே படபடன்னு நடுங்க ஆரம்பிக்கலாம். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்னு சொல்வோம். ரத்தம் ஓடாது. வீட்டு மின்சாரத்தோட 50 ஹெர்ட்ஸ் இதுக்குன்னே அமைஞ்ச மாதிரி. வியர்த்த கை இன்னும் மோசம்.

கற்பனை இல்லை. ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல ஸ்வான்ஸீ மேடையில மைக்கைத் தொட்டதும் விழுந்தார், பிழைக்கலை. யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-ல வீட்டுல சரியா எர்த் ஆகாத கருவியோட கிட்டார் வாசிக்கும்போது இறந்தார். வயசு 33.

இரைச்சலுக்காக எர்த்தை வெட்டுறது, ஐசியூ மானிட்டர் அலறுதுன்னு அதோட ஒயரைப் பிடுங்கிப் போடற மாதிரி. கோயில் திருவிழா மேடை, ஜெனரேட்டர், இரும்புப் பலகை, ஈரத் தரைன்னு வாசிக்கிற மெல்லிசைக் குழு நண்பர்களுக்கு இதைக் கூடுதலாவே சொல்றேன்.

வீட்டுல மூணு ஓட்டை இருக்குங்கிறதாலயே எர்த் இருக்குன்னு நம்பாதீங்க. பழைய வீடுகள்ல அந்த ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதிங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லைன்னா போடச் சொல்லுங்க. புது வால்வுக்குச் செலவழிக்கிறதுக்கு முன்னாடி இந்தச் செலவு.

யாருக்காவது ஷாக் அடிச்சா முதல்ல மெயினை அணைங்க, அதுவரை ஆளைத் தொடாதீங்க. மூச்சு இல்லைன்னா 108-க்குச் சொல்லிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க. மயங்கி எழுந்தவர் "நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னாலும் ஈசிஜி கட்டாயம்.

ஆம்பைத் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். நீங்க வெளியிலிருந்து செய்யக்கூடியது: ஓடும்போது சின்ன ப்ரீஆம்ப் வால்வைப் பென்சிலால மெல்லத் தட்டிப் பாருங்க. "டிங்"னு ஸ்பீக்கர்ல பலமா கேட்டா அந்த வால்வு சரியில்லை. அணைச்சு, ஆறினதும் மாத்துங்க. பெரிய பவர் வால்வை மாத்தினா பல ஆம்ப்கள்ல பயஸ் சரிபார்க்கணும், அது டெக்னீஷியன் வேலை. உள்ளே இருக்கிற தகடு செவசெவன்னு பழுத்தா உடனே அணைங்க. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு ஆம்பை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

டோனுக்குச் செலவில்லாத வழி: ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டூல்ல வைங்க, மூலையை விட்டு நகர்த்துங்க. கொழகொழன்னு இருக்கிற பேஸ் தெளியும். வால்வை முறுக்கினாத்தான் இனிமைன்னு குவார்ட்டர்ஸ்ல 50 வாட் வாங்காதீங்க. 5 வாட்டுக்கும் அதுக்கும் வித்தியாசம் 10 டெசிபல்தான், ஆனா 5 வாட்டை முறுக்கலாம். அதுவே கிட்டத்துல 100 டெசிபலைத் தொடும். அந்த அளவு சத்தத்துக்கு ஒரு நாளைக்குக் காது தாங்கறது 15 நிமிஷம். மெடிக்கல் ஷாப்ல இயர் பிளக் கிடைக்குது.