ஆர் போயிட்டினம் எண்டு எண்ணுறதை விடுங்கோ

ஒவ்வொரு கோடையிலும் இதே கதைதான். ரொறன்ரோவில் கூடைப்பந்து பார்க்கிற பெடியள் நாலு பேர் சேருவார்கள். பல்கலைக்கழக அணிகளைப் பற்றிப் பேச்சு வரும். முதலில் வாய்க்கு வருவது போனவர்களின் பெயர்கள். "அவன் ஸ்ரேற்ஸுக்குப் போயிட்டான்." "இவனுக்கு அங்க காசு குடுக்கிறாங்களாம்." "அப்ப இந்த வருசம் டி.எம்.யூவில ஆர் இருக்கினம்? யூ ஒஃப் டியில ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லை." வரும் பருவத்தைப் பற்றிய ஆய்வு அவ்வளவோடு முடிந்துவிடும்.

இது சோம்பேறிப் பேச்சு. கூடைப்பந்தைப் பற்றியும் பிழையாகச் சொல்கிறது, உங்களைப் பற்றியும் பிழையாகச் சொல்கிறது. இரண்டையும் விளக்குகிறேன்.

காசு உண்மைதான், ஆனால்

நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2021 யூலை தொடக்கம் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து உழைக்கலாம். 2025 யூனில் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்த பிறகு, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகக் காசு கொடுக்கலாம். 2025-26க்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, ஏறத்தாழ 20.5 மில்லியன் அமெரிக்க டொலர். இங்கே யூ ஸ்போர்ட்ஸ் விதிப்படி விளையாட்டு உதவித்தொகை கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்டக் கூடாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பிள்ளை ஏன் எல்லை தாண்டுகிறது என்று விளங்கும். நல்ல பல்கலைக்கழகம், முழு உதவித்தொகை, உண்மையிலேயே விளையாட இடம் என்று மூன்றும் கிடைத்தால் போகட்டும். நான் மறிக்க மாட்டேன்.

ஆனால் அந்த மூன்றும் ஒன்றாக எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இங்கேயிருந்து போகிற பிள்ளை வழமையாக மாணவர் வீசாவில்தான் போகிறது. அந்த வீசாவில் உழைப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு. ரொறன்ரோவில் வளர்ந்த ஸாக் ஈடி 2023, 2024 இரண்டு வருடமும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் சிறந்த வீரர். அவருக்கே வீசாவால் பல விளம்பர வாய்ப்புகள் கைநழுவின. அதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஏழு அடி நாலு அங்குலக்காரருக்கே அந்த நிலை என்றால் ஆறு அடி இரண்டு அங்குலக்காரர் யோசிக்க வேண்டும்.

அதைவிட, அங்கே கதவு ஒடுங்கிக்கொண்டு வருகிறது. இப்போது ஒரு வீரர் வருடா வருடம் பல்கலைக்கழகம் மாறி உடனே விளையாடலாம். அதனால் பயிற்சியாளர்கள் கிரேட் 12 முடித்து வருகிற பதினெட்டு வயதுப் பிள்ளையை எடுத்து வளர்ப்பதைவிட, வேறு இடத்தில் மூன்று வருடம் விளையாடிய இருபத்தொரு வயதுக்காரரை எடுப்பதையே விரும்புகிறார்கள். போர்ட்டல் என்று நீங்கள் கொண்டாடுகிற அதே சாமான்தான் உங்களுக்கான இடத்தையும் எடுக்கிறது.

அணியைச் செய்வது நிற்கிறவர்கள்

இனி கூடைப்பந்துக்கு வருவோம். பெரிய பெயர்கள் போனால் அணி முடிந்தது என்பது சரியென்றால், ஒட்டாவாவின் கார்ல்ட்டன் ரேவன்ஸ் எதையும் வென்றிருக்க முடியாது. 2003 தொடக்கம் 2023 வரை அவர்கள் ஆண்கள் தேசியப் பட்டத்தை 17 தடவை வென்றார்கள். கனடாவின் மிகப் பெரிய திறமைசாலிகள் டியூக்குக்கும் கென்ரக்கிக்கும் போய்க்கொண்டிருந்த அதே காலம் அது. கார்ல்ட்டனுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள். அவர்கள் ஐந்து வருடம் நின்றார்கள்.

1999இல் அங்கே தலைமைப் பயிற்சியாளரான டேவ் ஸ்மார்ட் 2019இல் அந்தப் பொறுப்பை விட்டார். எல்லோரும் "இனி கார்ல்ட்டன் முடிஞ்சுது" என்றார்கள். ராஃபி சார்ள்ஸ் பொறுப்பெடுத்து 2020, 2022, 2023 என்று மூன்று பட்டம் வென்றார். 2021இல் கொரோனாவால் போட்டியே இல்லை. ஸ்மார்ட் பிறகு அமெரிக்காவுக்குப் போய் 2024இல் கலிபோர்னியாவில் பசிபிக் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். அவர் இல்லாமலும் அணி வென்றது.

என்ன காரணம்? ஐந்து வருடம் ஒன்றாக விளையாடிய ஆட்கள் தடுப்பாட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நகர்வார்கள். ஒருத்தர் உதவிக்குப் போனால் அடுத்தவர் எங்கே நிற்க வேண்டும் என்று சத்தம் போட்டுச் சொல்லத் தேவையில்லை. நான் கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். ஒரு திட்டத்தில் வருடா வருடம் ஆட்களை மாற்றினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதல் ஆறு மாதம் பழைய ஆளிடம் கேட்டுக் கேட்டுத்தான் வேலை செய்வார். பழைய ஆளே இல்லாவிட்டால் யாரிடம் கேட்பது?

2013 ஒகஸ்டில் விஸ்கொன்சின் பல்கலைக்கழக அணி ஒட்டாவாவுக்கு வந்து கார்ல்ட்டனிடம் தோற்றுப் போனது. அதே விஸ்கொன்சின் அடுத்த வசந்தத்தில் என்.சி.ஏ.ஏயின் கடைசி நாலு அணிகளில் ஒன்று. 2018 ஒகஸ்டில் சயன் வில்லியம்சனும் மிசிசாகாவின் ஆர்.ஜே. பரெட்டும் இருந்த டியூக் அணி மிசிசாகாவில் ரையர்சனோடு விளையாடியது. உலகமே பார்த்த அந்த அணியிடம் ரையர்சன் 86-67 என்று தோற்றது. தோல்விதான். ஆனால் அடுத்த வருடமே என்.பி.ஏ தெரிவில் முதல் மூன்று இடத்துக்குள் போன இரண்டு பேருக்கு எதிரே நம்முடைய நகரத்துப் பிள்ளைகள் நாற்பது நிமிடம் நின்று விளையாடினார்கள். இதைத்தான் நீங்கள் "ஒருத்தரும் இல்லை" என்கிறீர்கள்.

பட்டம் கார்ல்ட்டனின் சொத்தும் இல்லை. 2024இல் லவால் தன் சொந்த நகரமான கியூபெக்கில் வென்றது. 2025இல் விக்டோரியா வென்றது. பெண்கள் பட்டத்தை 2022இல் ரையர்சன், அதாவது இன்றைய டி.எம்.யூ, ரொறன்ரோவுக்கே கொண்டுவந்தது. இந்த லீக்கில் எந்த வருடமும் கதவு திறந்திருக்கிறது.

ரோஸ்டரை வாசிக்கப் பழகுங்கள்

ஆகவே வரும் பருவத்தைப் பற்றிக் கதைக்க வேண்டுமென்றால், போனவர்களின் பெயரை விட்டுவிட்டு ரோஸ்டர் பக்கத்தைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, தகுதி வருடம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 1 முதல் 5 வரை ஒரு எண் இருக்கும். நாலும் ஐந்தும் எத்தனை? பத்து நிமிடத்துக்கு மேல் விளையாடுகிறவர்களில் மூன்று பேராவது நாலாம், ஐந்தாம் வருடத்தில் இருந்தால் அந்த அணி பெப்ரவரியில் பயப்படாது. எல்லோரும் 1, 2 என்றால் நவம்பரில் தோற்பார்கள், இரண்டு வருடம் கழித்து வெல்வார்கள். அவசரப்படாதீர்கள்.

இரண்டு, பந்தை யார் கொண்டு வருவது? போன வருடம் அதிக புள்ளி எடுத்தவர் போனால் அந்தப் புள்ளிகளை மூன்று பேர் பிரித்து எடுக்கலாம். ஆட்டத்தை நடத்தின பொயின்ற் கார்ட் போனால்தான் உண்மையான வெற்றிடம். அவருக்குப் பின்னால் போன வருடம் இரண்டாவதாக இருந்தவர் எத்தனை நிமிடம் விளையாடினார் என்று பாருங்கள். அந்த எண் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

மூன்று, ஊர். அந்த நிரலை மேலிருந்து கீழே வாசியுங்கள். ஸ்காபரோ, பிரம்ரன், மிசிசாகா, ஏஜக்ஸ் என்றுதான் வரும். நீங்கள் பஸ்ஸில் போகிற இடங்கள். "இங்க ஒண்டும் இல்லை" என்று சொல்லும்போது நீங்கள் உங்கள் பள்ளிக்கூடத்துப் பெடியனைத்தான் "ஒண்டும் இல்லை" என்கிறீர்கள். ஸ்காபரோவின் ஆரன் பெஸ்ட் ரையர்சனில் விளையாடித்தான் ராப்டர்ஸ் 905க்குப் போனார். கார்ல்ட்டனின் ஃபில் ஸ்க்ரப் 2023 உலகக் கிண்ணத்தில் வெண்கலம் வென்ற கனடா அணியில் இருந்தார். இங்கே நின்றால் எல்லாம் முடிந்துவிடும் என்று யார் சொன்னது?

எங்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது

இது கூடைப்பந்தோடு மட்டும் நிற்கிற கதை இல்லை. போனவன்தான் கெட்டிக்காரன், நின்றவன் வழியில்லாதவன் என்று எண்ணுகிற பழக்கம் எங்கள் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. எங்கள் அப்பா அம்மா போனார்கள் என்றால், 1983க்குப் பிறகு நிற்க முடியாமல் போனார்கள். வீட்டை விட்டு, காணியை விட்டு, சிலபேர் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டு வந்தார்கள். அது உயிர் பிழைக்கச் செய்த வேலை. அதை நாங்கள் வெற்றிக்கான சூத்திரமாக மாற்றிவிட்டோம். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைக்கு ஓட வேண்டிய தேவை இல்லை. இங்கே நின்று ஒன்றைக் கட்டலாம் என்ற வசதியை எங்களுக்குத் தரத்தானே அவர்கள் இவ்வளவு பாடுபட்டார்கள்?

இதன் மறுபக்கம் "படிப்பா விளையாட்டா" என்ற பழைய சண்டை. கிரேட் 11 வந்தவுடன் பல வீடுகளில் பந்து அலுமாரிக்குள் போய்விடும். மாமாமார் கலியாண வீட்டில் "இன்னும் பந்தோடயே திரியிறார்?" என்று கேட்பார்கள். பெண்பிள்ளை என்றால் இன்னும் முன்னமே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதே மாமாமார் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை இலங்கைக்கு 2009இலும் 2018இலும் வென்று கொடுத்த தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளை" என்று பெருமைப்படுவார்கள். சென்னையின் அனிதா பால்துரை இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி 2021இல் பத்மஸ்ரீ வாங்கியபோதும் பெருமைதான். பெருமை வேண்டும், ஆனால் காலமை ஆறு மணிக்கு மகளை ஜிம்முக்கு ஏற்றிக்கொண்டு போக ஆள் இல்லை. இது நியாயமா?

இந்தச் சண்டைக்கு விடை எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அப்பா அம்மா உங்களை எங்கே படிக்கச் சொல்கிறார்கள்? யூ ஒஃப் டி, டி.எம்.யூ, யோர்க். இந்த அணிகள் எங்கே இருக்கின்றன? அங்கேதான். நான் பொறியியலில் முதுகலை வரை படித்தவன், அந்தப் பாடச்சுமை எனக்குத் தெரியும். லேசு இல்லை. ஆனால் வாரத்தில் எத்தனை மணித்தியாலம் போனில் போகிறது என்று பார்த்துவிட்டு நேரமில்லை என்று சொல்லுங்கள்.

பல்கலைக்கழகங்களும் பொறுப்பெடுக்க வேண்டும்

குற்றம் முழுவதும் உங்களில் இல்லை. 1946 நவம்பர் 1இல், என்.பி.ஏ தன் முதல் ஆட்டம் என்று கணக்கு வைக்கிற ஆட்டம் நடந்தது ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸில். ரொறன்ரோ ஹஸ்கீஸும் நியூயோர்க் நிக்ஸும் விளையாடினார்கள். அந்தக் கட்டடம்தான் இன்று டி.எம்.யூ அணி விளையாடுகிற மத்தமி அத்லெற்றிக் சென்ரர். கீழ்த்தளத்தில் லொப்லோஸ். அங்கே மரக்கறி வாங்குகிற எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு மேலே பல்கலைக்கழக அணி விளையாடுகிறது என்று தெரியும்? இப்படியொரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு நகரத்துக்குச் சொல்லத் தெரியாத பல்கலைக்கழகங்கள், வீரர்கள் போகிறார்கள் என்று அழுவதில் அர்த்தம் இல்லை. ஸ்காபரோ, மார்க்கம் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிள்ளைகளோடு கதையுங்கள். பெற்றோரோடும் கதையுங்கள். தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அடிக்க எவ்வளவு செலவாகும்?

நீங்கள் செய்யக்கூடியது

விளையாடுகிறவர் என்றால், கிரேட் 11இலேயே உங்கள் ஆட்டத்தின் வீடியோவையும் மதிப்பெண் பட்டியலையும் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நல்ல மதிப்பெண் இங்கே உண்மையிலேயே உதவும். முதல் வருடம் வாங்கில் இருக்க நேர்ந்தால் இருங்கள். ஈடி கிரேட் 10இல்தான் கூடைப்பந்து தொடங்கினார், பேர்டூவில் நாலு வருடமும் ஒரே அணியில் நின்றார். அமெரிக்காவுக்குப் போனவரே நின்றுதான் வளர்ந்தார் என்பதைக் கவனியுங்கள்.

விளையாட முடியாது, ஆனால் பைத்தியம் என்றால், அணிகளுக்குப் புள்ளிவிவரம் எடுக்கவும் வீடியோ வெட்டவும் ஆட்கள் தேவை. கணினியும் கணக்கும் தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை அனுபவம் எங்கே கிடைக்கும்?

ஒன்றும் முடியாது என்றால், போய்ப் பாருங்கள். ராப்டர்ஸ் ஆட்டத்தின் ஒரு ரிக்கற் காசுக்கு இங்கே குடும்பமாகப் போகலாம். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை நாலு பேர் சேர்ந்து போங்கள். பெண்கள் ஆட்டத்தையும் இருந்து பாருங்கள், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதினைந்து பேரின் பெயரையும் வருடத்தையும் ஊரையும் தெரிந்துகொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு வரும் பருவத்தைப் பற்றிக் கதைப்போம். நான் றெடி.